லத்தீன்ல எழுதாததுக்கு ஆளுக்கொரு சாக்கு

முட்டையில ஆரம்பிக்கிறேன், தப்பா நினைக்காதீங்க, விஷயம் லத்தீன் பத்தினதுதான்.

1490-ல வில்லியம் காக்ஸ்டன் ஒரு புத்தகம் அச்சடிக்கிறார். இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்த ஆள் இவர்தான், 1476-ல வெஸ்ட்மின்ஸ்டர்ல கடை போட்டவர். புத்தகம் ஃப்ரெஞ்ச்ல இருந்து அவரே இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தது, அதோட முன்னுரையில ஒரு குட்டிக் கதை வருது. சில வியாபாரிங்க தேம்ஸ் ஆத்து வழியா கடல் தாண்டி நெதர்லாந்து பக்கத்து ஜீலாந்துக்குக் கிளம்புறாங்க, காத்து இல்ல, கப்பல் நகரல, சரி கரையில இறங்கி எதையாவது சாப்பிட்டுட்டு வருவோம்னு இறங்குறாங்க. அதுல ஷெஃபீல்டுன்னு ஒரு துணி வியாபாரி ஒரு வீட்டுக்குப் போய் சாப்பாடு கேக்குறார், முக்கியமா முட்டை கேக்குறார், அவர் ஊர் வழக்கப்படி 'எக்கிஸ்'னு கேக்குறார். அந்த வீட்டம்மா "எனக்கு ஃப்ரெஞ்ச் தெரியாதுங்களே"ன்னுட்டாங்க. இவருக்குக் கோபம் பொத்துக்கிட்டு வருது, ஏன்னா இவருக்கும் ஃப்ரெஞ்ச் தெரியாது! கேட்டது இங்கிலீஷ்லதான். கடைசியில வேற ஒருத்தர் "அவருக்கு ஐரன் வேணுமாம்"னு சொன்னப்புறம்தான் அந்தம்மா "ஓ, இப்ப புரியுது"ன்னாங்களாம். எக்கிஸ் வடக்குப் பக்கம் வைக்கிங்குங்க மூலமா வந்த சொல், ஐரன் பழைய இங்கிலீஷ்ல இருந்து தெற்குல மிச்சமிருந்தது, ரெண்டும் ஒரே முட்டைதான்.

இதைச் சொல்லிட்டு காக்ஸ்டன் கேக்குறார், இந்தக் காலத்துல மனுஷன் எதைத்தான் எழுதுறது, எக்கிஸ்னா ஐரன்னா?

இந்த இடத்துல நான் சிரிச்சே சிரிச்சேன். ஏன்னா என் பொழப்பே ஆப்பு, வெப்சைட்டு இதையெல்லாம் தமிழாக்குறது, தினமும் இதே பஞ்சாயத்துதான், டிலீட்டுக்கு 'நீக்கு'வா 'அழி'யான்னு அரை நாள் சண்டை நடக்கும். ஒரு தடவை லாகின்னு இருந்த இடத்துல 'உள்நுழைக'ன்னு போட்டு, பெருமையா அம்மாகிட்ட போனைக் காட்டுனேன். அம்மா கண்ணாடியை ஏத்தி விட்டுப் பாத்துட்டு "எதுக்குள்ளடா நுழையணும்?"னாங்க. நான் விளக்கம் சொன்னதும் "லாகின்னே போட்டிருந்தா புரிஞ்சிருக்குமே"ன்னு சொல்லிட்டு வெங்காயம் உரிக்கப் போயிட்டாங்க.

அன்னையில இருந்து, அந்தக் கால ஐரோப்பாவுல படிச்சவங்க எழுதற பாஷையான லத்தீனை விட்டுட்டு ஊர் பாஷையில எழுதுன ஐரோப்பாக்காரங்களைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன், நமக்கு முன்னாடி இந்தக் கஷ்டத்தைப் பட்டவங்க என்ன பண்ணாங்கன்னு ஒரு ஆசை. எனக்கு முன்னாடி இருந்த எண்ணம் என்னன்னா, ஏதோ ஒரு நாள் கவிஞருங்கல்லாம் சேர்ந்து முஷ்டியை உயர்த்தி 'லத்தீன் ஒழிக, தாய்மொழி வாழ்க'ன்னு கிளம்பிட்டாங்க, மறுமலர்ச்சி வந்துருச்சு, அவ்வளவுதான்னு. படிச்சுப் பாத்தா அப்படி ஒரு முஷ்டியும் இல்லைங்க. அத்தனை பேரும் தயங்குறாங்க, கூச்சப்படுறாங்க, முன்னுரையில மன்னிப்பு கேக்குறாங்க, ஆளுக்கொரு சாக்கு சொல்றாங்க. எனக்கு அந்தச் சாக்குங்கதான் ரொம்பப் புடிச்சுது.

எல்லாத்துலயும் அழகான சாக்கு இங்கிலீஷ் கவிஞர் ஜெஃப்ரி சாசரோடது. கதை எழுதுன சாசரைத்தான் எல்லாருக்கும் தெரியும், ஆனா அவர் 1391 வாக்குல ஒரு டெக்னிக்கல் மேனுவல் எழுதிருக்கார், ஆஸ்ட்ரோலேப் எப்படி உபயோகிக்கிறதுன்னு. ஆஸ்ட்ரோலேப்னா நட்சத்திரம் எவ்வளவு உயரத்துல இருக்கு, மணி என்ன, சூரியன் எந்த ராசியில நிக்குதுன்னெல்லாம் பாக்குற பித்தளை வட்டு. அதை எழுதுனது யாருக்குன்னா, லூயிஸ்னு ஒரு பத்து வயசுப் பையனுக்கு, 'என் குட்டி மகனே'ன்னுதான் ஆரம்பிக்குது. உனக்குக் கணக்கும் எண்ணும் நல்லா வருதுன்னு எனக்குத் தெரியும், நீயும் ஆஸ்ட்ரோலேப் வேணும்னு விடாம கேட்டுட்டே இருந்த, இந்தா ஆக்ஸ்ஃபோர்டு அட்சரேகைக்கு ஏத்த மாதிரி ஒண்ணு குடுத்துட்டேன், இப்ப அதை எப்படி ஓட்டுறதுன்னு லேசான இங்கிலீஷ்ல சொல்லித் தரேன், ஏன்னா உனக்கு லத்தீன் இன்னும் கொஞ்சந்தான் தெரியும் கண்ணு. இவ்வளவுதான் காரணம்.

அதோட விட்டாரா, ஒரு வாதமும் வைக்கிறார். கிரேக்கக்காரனுக்கு இது கிரேக்கத்துல போதுமா இருந்துச்சு, அரபுக்காரனுக்கு அரபில, யூதனுக்கு ஹீப்ருல, லத்தீன்காரனுக்கு லத்தீன்ல, அந்த லத்தீன்காரங்களும் முதல்ல இதை வேற பாஷைங்கள்ல இருந்து வாங்கித்தான் தங்களோட பாஷையில எழுதிக்கிட்டாங்க. அதாவது லத்தீனும் ஒரு காலத்துல யாரோட வீட்டுப் பாஷையோதான்னு போற போக்குல போட்டு உடைக்கிறார். உடனே மறுபடி பணிவு, நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல, பழைய ஆளுங்க பாடுபட்டதைத் திரட்டித் தர்ற சாதாரண ஆளுதான்னு. அப்புறம் பெரியவங்க படிச்சா திட்டக்கூடாதுன்னு ஒரு வேண்டுகோள், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றேன்னு நினைக்காதீங்க, சின்னப் பையன் ஒரு நல்ல விஷயத்தை ஒரு தடவை மறந்துபோறதை விட ரெண்டு தடவை எழுதிடறது மேல்னு. யூசர் மேனுவல் எழுதற எல்லாரும் இதை ப்ரின்ட் போட்டு சுவத்துல ஒட்டணும். அஞ்சு பாகம் வரும்னு முன்னுரையில சொன்னவர் ரெண்டோட நிறுத்திட்டார், அது வேற கதை. அவர் ஃப்ரெண்டு ஜான் கவருக்கு எந்தப் பாஷையில எழுதறதுன்னு முடிவே பண்ண முடியல போல, ஃப்ரெஞ்ச்ல ஒண்ணு லத்தீன்ல ஒண்ணு இங்கிலீஷ்ல ஒண்ணுன்னு மூணு பெரிய புத்தகம் எழுதிட்டார், லண்டன் சதக் பக்கம் அவர் கல்லறையில சிலை அந்த மூணு புத்தகத்தையும் தலையணையா வச்சுத்தான் படுத்திருக்கு.

சரி, இப்ப தாந்தேகிட்ட வருவோம். இதுலதான் எனக்கு நிறைய நாள் போச்சு.

தாந்தே இத்தாலிக் கவிஞர், ஃப்ளோரன்ஸ்காரர், 1265-ல பொறந்தவர். ஊர் அரசியல்ல இறங்குனார், கோஷ்டிச் சண்டையில அவர் பக்கம் தோத்துப்போச்சு, 1302 ஜனவரியில அபராதமும் நாடுகடத்தலும், மார்ச்ல ஊருக்குள்ள கால் வச்சா உயிரோட எரிக்கணும்னு தீர்ப்பு. அதுக்கப்புறம் சாகிற வரைக்கும் சொந்த ஊரைப் பாக்கல. அடுத்தவன் வீட்டு ரொட்டி எவ்வளவு உப்புக் கரிக்கும், அடுத்தவன் வீட்டு மாடிப்படி ஏறி இறங்கறது எவ்வளவு கஷ்டம்னு பின்னாடி பாடுனவர். இப்படி ஊர் ஊரா அலைஞ்சிட்டிருக்கும்போதுதான் மொழியைப் பத்தி ரெண்டு புத்தகம் எழுத ஆரம்பிக்கிறார், ரெண்டையும் பாதியில விட்டுட்டார்.

முதல்ல 'கன்வீவியோ', விருந்துன்னு அர்த்தம். தான் எழுதுன பதினாலு பாட்டுக்கு உரை எழுதறதா திட்டம், மொத்தம் பதினஞ்சு பாகம், நாலுதான் எழுதுனார். இதுல முதல் பாகம் ஏறக்குறைய முழுசுமே தன்னைப் பத்திப் பேசறதுக்கும், உரையை லத்தீன்ல எழுதாம இத்தாலியன்ல எழுதறதுக்கும் மன்னிப்பு கேக்குறதுலயே போயிடுது. விருந்துக்குக் கூப்பிட்டுட்டு கோதுமை ரொட்டி போடாம பார்லி ரொட்டி போடுறேனே, அதுக்கு நான் பதில் சொல்லணும்லன்னு ஆரம்பிக்கிறார். முதல் சாக்கைக் கேளுங்க, உரைங்கிறது பாட்டுக்கு வேலைக்காரன் மாதிரி, பாட்டு இத்தாலியன்ல இருக்கு, லத்தீனோ பெரிய மனுஷன், பெரிய மனுஷனைப் போய் எப்படி இவனுக்குக் கைவேலை பாக்க வைக்கிறதுன்றார்! அதாவது லத்தீன் ரொம்ப உசத்திங்கறதாலதான் அதுல எழுதல. இந்த மாதிரி ஒரு சாக்கை நான் லீவு லெட்டர்ல கூடப் பாத்ததில்ல.

அடுத்த காரணம் கொஞ்சம் நிஜமா இருக்கு. லத்தீன்ல எழுதுனா கொஞ்சப் பேருக்குத்தான் பிரயோஜனம், படிப்பைக் காசாக்குறவங்களுக்கு. நான் எழுதறது பிரபுக்கள், வீரருங்க, நல்ல மனசு இருந்தும் லத்தீன் படிக்காத நிறைய பேரு, ஆம்பளைங்க மட்டுமில்ல பொம்பளைங்களும், அவங்களுக்குன்றார். பொம்பளைங்க விஷயத்தை அவர் ஏற்கனவே வாலிபத்துல எழுதுன 'வீட்டா நோவா'வுல சொல்லிட்டார், ஊர் பாஷையில முதல்ல கவிதை எழுதுனவன் எதுக்காக எழுதுனான்னா, லத்தீன் செய்யுள் புரிஞ்சுக்க சிரமப்படுற ஒரு பொண்ணுக்குத் தன் வார்த்தை புரியணும்னுதான் எழுதுனான்னு. பாருங்க, சாசருக்கு ஒரு பையன், இவருக்கு ஒரு பொண்ணு.

மூணாவது காரணம் பாசம். இதுல ஒரு இடம் வருது, படிச்சதும் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். என் அப்பாவும் அம்மாவும் ஒண்ணு சேர்ந்ததே இந்தப் பாஷையிலதான், அவங்க பேசிக்கிட்டது இதுலதான், கத்தி அடிக்கிற கொல்லனுக்கு நெருப்பு இரும்பைப் பதமாக்கிக் குடுக்குற மாதிரி இந்தப் பாஷையும் நான் பொறந்ததுக்கு ஒரு காரணம்னு எழுதறார். மொழியைத் தாயின்னு சொல்றவங்க உண்டு, ஆனா அப்பா அம்மாவுக்கு நடுவுல நின்ன ஆளா மொழியைப் பாத்தவரை நான் இங்கதான் பாக்குறேன். அடுத்ததா, எனக்கு லத்தீனைச் சொல்லிக் குடுத்ததும் இந்தப் பாஷையிலதானே, லத்தீனுக்கே இதுதானே வாசல்னும் சொல்றார்.

அப்புறம் சொந்தப் பாஷையை மட்டம் தட்டிட்டு அடுத்த ஊர் பாஷையைத் தூக்கிவைக்கிற இத்தாலிக்காரங்களை வாங்கு வாங்குன்னு வாங்குறார். அந்தக் காலத்துல இத்தாலியிலயே ஸ்டைலுன்னா ஃப்ரெஞ்ச், பாட்டுன்னா தெற்கு ஃப்ரான்ஸோட ப்ரோவான்ஸ் பாஷை. தாந்தே குரு மாதிரி மதிச்ச ப்ரூனெட்டோ லத்தினியே தன்னோட பெரிய கலைக்களஞ்சியத்தை ஃப்ரெஞ்ச்லதான் எழுதுனார், கேட்டா அது இன்னும் இனிமையா இருக்கு, நிறைய பேருக்குத் தெரியும்னார். இப்படிப்பட்டவங்க, சரியா எழுத வராம பாஷையைக் குத்தம் சொல்றாங்க, கெட்ட கொல்லன் இரும்பைக் குறை சொல்வான், வாசிக்கத் தெரியாதவன் வாத்தியத்தைக் குறை சொல்வான்றார் தாந்தே. நம்மூர்ல ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதைதான்.

ரெண்டாவது புத்தகம் 'தே வல்காரி எலொக்வென்ஷியா', ஊர் பாஷையில நயம்பட எழுதறதைப் பத்தினது. இங்கதான் பெரிய தமாஷ், ஊர் பாஷைக்கு வக்காலத்து வாங்குற இந்தப் புத்தகத்தை எழுதுனது லத்தீன்ல. பண்டிதருங்களை நம்ப வைக்கணும்னா பண்டிதருங்க படிக்கிற பாஷையில எழுதித்தானே ஆகணும். அதுலயும் இன்னொரு தமாஷ், கன்வீவியோவுல லத்தீன்தான் உசத்தின்னவர் இங்க ஊர் பாஷைதான் உசத்தின்றார், செவிலித்தாயைப் பாத்து இலக்கணம் கிலக்கணம் எதுவும் இல்லாம நாம தானா கத்துக்கிட்டது, உலகத்துல முதல்ல வந்தது, எல்லாரும் பேசறதுன்னு காரணம் அடுக்குறார். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல எழுதுனது. ஆராய்ச்சியாளருங்க இதைச் சமாதானப்படுத்த நிறைய எழுதிருக்காங்க, எனக்கென்னமோ மனுஷனுக்கே இதுல ரெண்டு மனசு இருந்துச்சுன்னுதான் தோணுது, தினம் ரெண்டு பாஷையில வேலை பாக்குறவங்களுக்கு இது ஒண்ணும் அதிசயமில்ல.

ஒண்ணு மட்டும் இங்க புரிஞ்சுக்கணும். நாம இன்னிக்கு லத்தீன்ல இருந்துதான் இத்தாலியன் வந்துச்சுன்னு சொல்றோம், தாந்தே அப்படி நினைக்கல. அவருக்கு லத்தீன்னா 'கிராமாட்டிக்கா', காலத்துக்குக் காலம் ஊருக்கு ஊர் பேச்சு மாறிட்டே போகுதேன்னு பல நாட்டுக்காரங்க கூடி விதி போட்டுச் செஞ்சு வச்ச பாஷை. மாறாததுங்கறதுதான் அதோட பெருமை. பேச்சு மொழி அப்படியில்ல, அம்பது வருஷத்துல எத்தனை வார்த்தை செத்து எத்தனை வார்த்தை பொறந்துருச்சு, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்தவங்க எந்திரிச்சு தங்க ஊருக்கு வந்தா யாரோ வெளிநாட்டுக்காரன் புடிச்சுட்டான்னுதான் நினைப்பாங்கன்னு கன்வீவியோவுல எழுதறார். அப்ப இந்தப் பயத்தோடதான் எழுதறாங்க, நாம எழுதறது நூறு வருஷம் கழிச்சு எவனுக்காவது புரியுமாங்கற பயம். காக்ஸ்டனும் அதேதான் சொல்றார், நான் பொறந்தப்ப பேசுன இங்கிலீஷ் வேற இப்ப பேசறது வேற, வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துத் தலைவர் பழைய பத்திரம் சிலதைக் காட்டுனார், அது இங்கிலீஷ் மாதிரியே இல்ல, டச்சு மாதிரி இருந்துச்சுன்னு.

சரி ஊர் பாஷையில எழுதலாம், எந்த ஊர் பாஷை? தாந்தே இத்தாலி முழுக்க வலைபோட்டுத் தேடுறார், பதினாலு வகையாவது இருக்குன்றார், பொலோன்யா ஒரே ஊர்லயே இந்தத் தெருக்காரன் பேசறது அந்தத் தெருக்காரன் பேசற மாதிரி இல்லன்றார், நுணுக்கிப் பாத்தா ஆயிரத்துக்கும் மேல போகும்னு கையை விரிக்கிறார். அதுக்கப்புறம் ஒவ்வொரு ஊரா புடிச்சு ஓட்டறார் பாருங்க, மீம் பேஜ் வச்சிருக்கறவங்க தோத்துடுவாங்க. ரோம்காரங்க பேச்சு இருக்கறதுலயே அசிங்கம். சார்டீனியாக்காரங்க குரங்கு மனுஷனைக் காப்பியடிக்கிற மாதிரி லத்தீனைக் காப்பியடிக்கிறாங்க. ஜெனோவாக்காரங்ககிட்ட இருந்து இசட் எழுத்து ஒண்ணைப் புடுங்கிட்டா மொத்த ஊரும் ஊமை. சொந்த ஊரையாவது விட்டாரான்னா, ஃப்ளோரன்ஸ் இருக்கற டஸ்கனிக்காரங்க புத்தி கெட்டுப்போய் எங்க பாஷைதான் உசத்தின்னு பீத்திக்கிறாங்கன்னு அவங்களுக்கும் போடுறார். ஊரைவிட்டுத் துரத்துன கோபமும் அதுல கொஞ்சம் இருக்கும்னு நான் நினைக்கிறேன். கடைசியில நாம தேடுற அந்த உயர்ந்த பாஷை ஒரு சிறுத்தை மாதிரி, அதோட வாசனை எல்லா ஊர்லயும் அடிக்குது, எந்த ஊர்லயும் ஆள் அகப்படலன்னு முடிக்கிறார்.

அந்தச் சிறுத்தையைச் சொல்லால கட்டறதுக்கு ரெண்டாம் பாகத்துல ஒரு வடிகட்டி வேற வச்சிருக்கார். உயர்ந்த கவிதைக்கு எந்தெந்தச் சொல் ஆகாதுன்னு ஒரு பட்டியல், ரொம்ப நுணுக்கமான பட்டியல். குழந்தைப் பேச்சு ஆகாது, 'மம்மா', 'பப்போ' கூடாது, அம்மா அப்பாதான். காட்டுத்தனமான சொல் ஆகாது, மந்தைங்கற அர்த்தத்துல வர்ற 'கிரெஜ்ஜா' கூடாது. 'ஃபெமினா', 'கார்ப்போ', அதாவது பொம்பளை, உடம்பு, அதுவும் கூடாது. இந்தப் பட்டியலை ஞாபகம் வச்சுக்கங்க. ரெண்டாம் பாகம் பதினாலாவது அத்தியாயத்துல பேச்சோட பேச்சா அப்படியே நின்னுபோகுது.

விட்டுட்டு என்ன எழுதுனார்னா 'கொமேதியா'. தாந்தே தானே நரகம், உத்தரிக்கும் தலம் (செத்தவங்க பாவம் கழுவுற மலை), சொர்க்கம் மூணையும் சுத்திப் பாக்கற கவிதை, நூறு காண்டம், முழுக்க அந்தப் புத்தி கெட்ட டஸ்கனிக்காரங்க பாஷையில.

இதுக்கும் பஞ்சாயத்து வந்துச்சு. 1319 வாக்குல பொலோன்யாவுல வாத்தியாரா இருந்த ஜொவான்னி தெல் விர்ஜிலியோங்கிறவர் லத்தீன் செய்யுள்லயே தாந்தேவுக்கு ஒரு கடிதம் போடுறார். மரியாதையான கடிதம்தான், ஆனா விஷயம் காரமானது. இவ்வளவு பெரிய விஷயத்தையெல்லாம் ஏன் சாமானிய ஜனங்களுக்குக் கொட்டறீங்க, முத்தைப் பன்றிக்குப் போடாதீங்க, படிச்சவன் ஊர் பாஷையை மதிக்க மாட்டான், லத்தீன்ல ஒரு வீரகாவியம் எழுதுங்க, நான் உங்களை பொலோன்யாவுக்குக் கூட்டிட்டு வந்து பெரிய கவிஞருங்களுக்குச் சூட்டுற மாலையைப் போட வைக்கிறேன். தாந்தே பதில் போட்டார், எப்படின்னா சுத்தமான லத்தீன்ல, பழைய ரோமாபுரிக் கவி வர்ஜில் பாணியில, ஆடு மேய்க்கிறவங்க பேசிக்கிற மாதிரி ஒரு பாட்டா. என்கிட்ட ஒரு ஆடு இருக்கு, மடி தாங்காத பால், யாரும் அதட்டி வரவைக்க வேண்டாம், தானா வந்து கறக்க நிக்கும், அதுல பத்துச் செம்பு கறந்து அவருக்கு அனுப்பி வைக்கிறேன், மாலையெல்லாம் என் ஊர் ஆர்னோ ஆத்தங்கரையில போட்டுக்கறேன். அந்தப் பத்துச் செம்புன்னா சொர்க்கத்துல இருந்து பத்துக் காண்டம்னுதான் பெரும்பாலானவங்க அர்த்தம் எடுத்துக்கறாங்க. எனக்கு லத்தீன் எழுத வராம இல்லைங்கறதையும் காட்டியாச்சு, எழுத மாட்டேன்னும் சொல்லியாச்சு. ஆர்னோ கரைக்கு அவர் போகவே இல்ல, 1321 செப்டம்பர்ல ரவென்னாவுல செத்துட்டார், கல்லறை இன்னும் அங்கதான் இருக்கு, அதுல செதுக்கியிருக்கற வரிங்க லத்தீன்.

தாந்தேவுக்கு அடுத்த தலைமுறை இத்தாலி எழுத்தாளருங்க பெட்ரார்க்கும் பொக்காச்சியோவும். பெட்ரார்க் எனக்கு எரிச்சலூட்டுற ஆளு, ஆனாலும் விட முடியல. அவர் 1341-ல ரோம்ல அந்தக் கவிஞர் மாலையை வாங்குனவர், எதை நம்பின்னா 'ஆஃப்ரிக்கா'ன்னு முழுசா முடிக்காத ஒரு லத்தீன் காவியத்தை நம்பி. இன்னிக்கு அந்தக் காவியத்தைப் படிக்கிறது ஆராய்ச்சிக்காரங்கதான். உலகம் அவரைக் கொண்டாடுறது தான் காதலிச்ச லௌராவைப் பத்தின 366 இத்தாலியன் கவிதைக்காக, அதை அவர் சில்லறைச் சமாச்சாரம்னுதான் வெளியில சொல்லிட்டுத் திரிஞ்சார். அந்தத் தொகுப்புக்கு அவர் வச்ச தலைப்பு கூட லத்தீன்ல, ஊர் பாஷையில எழுதுன துண்டு துணுக்குங்கன்னு அர்த்தம். ஆனா அவர் கையெழுத்துப் பிரதி ஒண்ணு வத்திக்கான்ல இருக்கு, அதுல அந்தச் சில்லறையைத்தான் வருஷக்கணக்கா அடிச்சு அடிச்சுத் திருத்திருக்கார், ஓரத்துல 'இது புடிச்சிருக்கு'ன்னு தனக்குத்தானே குறிப்பு, அந்தக் குறிப்பு லத்தீன்ல. கவிதை ஒரு பாஷை, கவிதையைப் பத்தி மனசுக்குள்ள பேசிக்கிறது ஒரு பாஷை. லௌரா 1348-ல செத்த சேதியையும் தன்னோட வர்ஜில் புத்தகத்து முன்பக்கத்துல லத்தீன்லதான் எழுதி வச்சிருக்கார். ஆபீஸ்ல பேசறது தமிழ், நோட்டுல கிறுக்கறது இங்கிலீஷ்னு இருக்கற நமக்கு இது புரியாததா என்ன.

பொக்காச்சியோ தாந்தேவோட பக்தர். கொமேதியாவைப் பிரதியெடுத்து பெட்ரார்க்குக்கு அனுப்புறார், நம்ம ஊர்க்காரருங்க, படிங்கன்னு. பெட்ரார்க் 1359-ல ஒரு பதில் எழுதறார், எனக்கு அவர்மேல பொறாமைன்னு ஊர்ல பேசறாங்களாமே, எனக்கென்ன பொறாமை, துணி வெளுக்குறவனும் சத்திரக்காரனும் கைதட்டுறதுக்கு நான் எதுக்குப் பொறாமைப்படணும், அந்தக் கைதட்டு எனக்கு வேண்டவே வேண்டாம்னு. பொறாமை இல்லைன்னு இவ்வளவு நீளமா யாராவது எழுதுவாங்களா!

அந்தத் துணி வெளுக்குறவங்க என்ன பண்ணாங்கன்னா, இது எனக்கு ரொம்பப் புடிச்ச இடம், 1373-ல ஃப்ளோரன்ஸ் ஜனங்க நகர சபைக்கு மனு குடுக்குறாங்க. தாந்தே புத்தகத்தை எங்களுக்கு யாராவது பொதுவுல படிச்சு விளக்கணும், லத்தீன் தெரியாதவங்களும் கேக்கற மாதிரின்னு. எந்த ஊரு உயிரோட எரிக்கணும்னு சொல்லுச்சோ அதே ஊரு. சபையும் வருஷத்துக்கு நூறு ஃப்ளோரின் சம்பளம் போட்டு பொக்காச்சியோவை வச்சுது, அக்டோபர்ல ஒரு சர்ச்ல ஆரம்பிச்சார், நரகம் பதினேழாவது காண்டம் தொடங்கும்போது உடம்பு முடியாம நின்னுபோச்சு. இதுக்கும் கண்டனம் வந்துச்சு, உயர்ந்த விஷயத்தைக் கண்டவனுக்கும் தொறந்து விட்டுட்டீங்களேன்னு. அவரும் பாவம், ஆமா தப்புத்தான், கலைதேவதைகளை விபசாரத்துக்கு விட்ட மாதிரி ஆயிடுச்சுன்னு கவிதையிலயே புலம்பிட்டார். அவரும் முன்னாடி 'தெக்கமரான்'ங்கிற தன்னோட கதைத் தொகுப்புல சாக்கு சொன்னவர்தான், நான் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கற பொம்பளைங்களுக்காக எழுதறேன், சாதா ஃப்ளோரன்ஸ் பேச்சுல, அதுவும் உரைநடையில, ரொம்பத் தாழ்ந்த நடையிலதான் எழுதறேன், இதுக்குப் போய் ஏன் திட்டுறீங்கன்னு.

இதுக்கு நடுவுல லத்தீனை வில்லனாவும் ஆக்கிட முடியாது. தெக்கமரானோட கடைசிக் கதை கிரிசெல்டா, புருஷன் படுத்துற பாட்டையெல்லாம் பொறுத்துப்போற பொண்ணு கதை (எனக்குச் சுத்தமா புடிக்காத கதை). பெட்ரார்க் சாகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 1373-ல, அதை லத்தீன்ல மாத்தி எழுதறார், நம்ம பாஷை தெரியாதவங்களும் படிக்கட்டும்னு. அந்த லத்தீன் வழியாத்தான் அது சாசர் கைக்குப் போய் 'கான்டர்பரி கதைகள்'ல இங்கிலீஷ் ஆச்சு, அந்தக் கதையைச் சொல்ற பாத்திரமே இதை நான் பதுவாவுல பெட்ரார்க்கிட்ட கேட்டேன்னுதான் ஆரம்பிக்குது. ஊர் பாஷைக் கதை எல்லை தாண்டணும்னா லத்தீன் பஸ்ஸைப் புடிச்சுத்தான் போகணும், வேற பஸ் கிடையாது.

இருநூறு வருஷம் கழிச்சும் இந்த ரெட்டை மனசு தீரல. ஃப்ரான்ஸ்ல 1539-ல ராஜாவே கோர்ட்டு எழுத்தெல்லாம் இனிமே ஃப்ரெஞ்ச்லதான்னு உத்தரவு போட்டுட்டார், 1549-ல ழொவாக்கிம் தூ பெல்லே ஃப்ரெஞ்ச் மொழிக்குத் தற்காப்பும் பெருமையும்னு கொடி புடிச்சு ஒரு புத்தகம் எழுதறார், அதுல நல்ல நல்ல வாதமெல்லாம் ஸ்பெரோனிங்கிற இத்தாலிக்காரர் இத்தாலியனுக்காக எழுதுனதுல இருந்து உருவுனது. கொஞ்ச வருஷம் கழிச்சு ரோமுக்கு வேலைக்குப் போனவர் அங்க உக்காந்து லத்தீன்ல கவிதை எழுதறார்! கேட்டா, ஃப்ரெஞ்ச் எனக்குப் பொண்டாட்டி மாதிரி, லத்தீன் ஆசைநாயகி மாதிரின்னு அதுக்கும் ஒரு லத்தீன் செய்யுள். சாக்குன்னா இது சாக்கு.

தாந்தேவோட அந்த லத்தீன் புத்தகம் என்ன ஆச்சுன்னு சொல்லணும்ல. கையெழுத்துப் பிரதிங்களா எங்கயோ முடங்கிக் கிடந்து, முதன்முதலா அச்சுக்கு வந்தது 1529-ல, அதுவும் இத்தாலியன் மொழிபெயர்ப்புல, லத்தீன் மூலம் 1577-லதான் வந்துச்சு. அதுக்குள்ள 1525-ல பியெத்ரோ பெம்போ, இத்தாலியன் எழுதணும்னா கவிதைக்கு பெட்ரார்க், உரைநடைக்கு பொக்காச்சியோ, இவங்களைப் பாத்து எழுதுங்கன்னு தீர்ப்பு சொல்லிட்டார், தாந்தே கொஞ்சம் கரடுமுரடுன்னு ஒதுக்கிட்டார். சில்லறைன்னு சொன்னவரோட சில்லறைதான் சட்டம் ஆச்சு.

அந்தப் பட்டியலை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன்ல. மம்மா கூடாது, பப்போ கூடாது, கிரெஜ்ஜா கூடாது, ஃபெமினா கார்ப்போ கூடாது. கொமேதியாவுல இது அத்தனையும் இருக்கு. நரகத்தோட அடித்தளத்தைப் பாட ஆரம்பிக்கும்போது மட்டும், இது மம்மா பப்போன்னு கூப்பிடற நாக்கால முடியற காரியமில்லன்னு பழைய விதி லேசா எட்டிப் பாக்குது, அந்த வரியிலயே ரெண்டு சொல்லும் வந்தாச்சு.

ஆனா நான் சொல்ல வந்த இடம் அது இல்ல, உத்தரிக்கும் தலம் இருபத்தொண்ணாவது காண்டம். தாந்தேவும் அவருக்கு வழிகாட்டியா வர்ற வர்ஜிலும் மலையில ஏறிட்டிருக்காங்க. பின்னாலயே ஒரு ஆவி வந்து சேருது, ஸ்டேஷியஸ், வர்ஜிலுக்கு நூறு வருஷம் பிந்தின லத்தீன் கவி. முன்னாடி நிக்கறது யாருன்னு அவருக்குத் தெரியாது. தன்னை அறிமுகப்படுத்திக்கிட்டு, எனக்குக் கவிதை வந்ததே ஈனியட்லதான், வர்ஜிலோட காவியம், அதுதான் எனக்கு மம்மா, அதுதான் எனக்குச் செவிலித்தாய், அது இல்லன்னா நான் ஒரு குன்றிமணி எடை கூடத் தேற மாட்டேன்னு சொல்றார். லத்தீன் கவி ஒருத்தர், லத்தீனோட தலைசிறந்த காவியத்தை, ஃப்ளோரன்ஸ் குழந்தைங்க கூப்பிடற வார்த்தையால கூப்பிடுறார். அதோட நிக்காம, வர்ஜில் வாழ்ந்த காலத்துல நானும் வாழ்ந்திருந்தா அதுக்காக இங்க இன்னும் ஒரு வருஷம் கூடக் கிடந்து கஷ்டப்படத் தயார்னு சொல்றார்.

வர்ஜில் திரும்பி தாந்தேவைப் பாக்குறார், பேசாத முகத்தாலயே 'பேசாதே'ன்றார். தாந்தேவால அடக்க முடியல, கண்ணடிக்கிறவன் மாதிரி லேசா சிரிச்சுடறார். ஸ்டேஷியஸ் பேச்சை நிறுத்திட்டு, தாந்தே கண்ணையே உத்துப் பாத்து, எதுக்கு இப்ப சிரிச்சீங்கன்னு கேக்குறார்.